டிக்கெட் எடுத்தாச்சு, குழந்தைக்குக் காய்ச்சல்!

வாசகர் கேள்விகளுக்குக் குழந்தை நல மருத்துவர் பதில்

கேள்வி: என் மகனுக்கு ஒரு வயது பத்து மாதம். ஐப்பசியில் திருநெல்வேலிப் பக்கம் என் கணவரின் குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்த நாள் குறித்திருந்தோம். வெள்ளி இரவு தாம்பரத்தில் ரயில், ஞாயிறு காலை விசேஷம். செவ்வாய் இரவு பையனுக்குக் காய்ச்சல் வந்து 102 வரை போனது. மருந்து கொடுத்தால் இறங்கும், நாலைந்து மணி நேரத்தில் திரும்ப ஏறும். வெள்ளி காலையில் சுத்தமாகக் காய்ச்சல் இல்லை. "அதான் விட்டுடுச்சே, கிளம்புங்க" என்றார் அத்தை. ஆனால் பையன் சோர்ந்தே கிடந்தான், எனக்கு மனசு கேட்கவில்லை, போகவில்லை. சனி மாலைக்குள் ஓடியாடி விளையாட ஆரம்பித்துவிட்டான். மடியில் உட்கார வைக்கவென்றே துபாயிலிருந்து லீவு போட்டு வந்த என் அண்ணன் அப்படியே திரும்பிப் போனார். இப்போது சாதாரணக் காய்ச்சலுக்கு சாமி காரியத்தைக் கெடுத்தவள் என்று எனக்குப் பேர். நான் செய்தது தவறா? தையில் மறுபடி நாள் பார்க்கிறார்கள். அப்போதும் இப்படி ஆனால் எதை வைத்து முடிவு செய்வது?
– வாசகி, தாம்பரம்

பதில்: தவறே இல்லை. சனிக்கிழமை அவன் ஓடப்போவது வெள்ளிக்கிழமை உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்கள் அத்தைக்கும் தெரியாது, அன்று பார்த்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது.

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த இடம், வெள்ளி காலை காய்ச்சல் இல்லை, ஆனால் பையன் சோர்ந்து கிடந்தான் என்பது. செவ்வாய் இரவு வந்த காய்ச்சல், ஐப்பசி மழைக்காலம், மூன்று நாள் கழித்து சட்டென்று இறங்குகிறது, குழந்தை தெளியவில்லை. இது டெங்குவாக இருந்தால் ஆபத்து ஆரம்பிக்கும் நேரமே அதுதான். டெங்குவில் பெரும்பாலும் மூன்றிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் விடும்போதுதான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்குகிறது. வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் சில்லிட்டுப் போவது எல்லாம் அப்போதுதான் தலைகாட்டும். காய்ச்சல் விட்டால் நோய் விட்டது என்று நம் வீடுகளில் காலங்காலமாக நினைத்துப் பழகிவிட்டோம், பாதிக் காய்ச்சலுக்கு அது சரியாகவும் இருக்கிறது. டெங்குவுக்கு மட்டும் அந்தக் கணக்கு தலைகீழ். உங்கள் மகனுக்கு வந்தது டெங்கு என்று நான் சொல்லவில்லை, ஏதோ ஒரு வைரஸ் காய்ச்சலாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அன்று ராத்திரி ரயில் ஏற்றாமல், ஒரு டாக்டரிடம் காட்டி ரத்தத்தில் தட்டணுக்களை (ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்) பார்த்துவிட்டு வீட்டில் வைத்திருப்பதுதான் சரியான காரியம். (காட்டினீர்களா என்று எழுதவில்லை. காட்டியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.)

இன்னொன்று. போவது காது குத்த. தட்டணுக்கள் குறைந்திருக்கும் குழந்தைக்குக் காது குத்தினால் ரத்தம் லேசில் நிற்காது. அத்தையிடம் இதை மட்டும் சொல்லிப் பாருங்கள், மற்ற விளக்கமெல்லாம் அப்புறம்.

சரி, தை மாதத்துக்கு வருவோம். தெர்மாமீட்டரில் என்ன நம்பர் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது, இன்று காய்ச்சலின் எத்தனையாவது நாள், மருந்து வேலை செய்து சூடு இறங்கியிருக்கும்போது குழந்தை எப்படி இருக்கிறது, இந்த இரண்டையும்தான். 102 அடித்த பிள்ளை பாராசிட்டமால் கொடுத்து முக்கால் மணி நேரத்தில் எழுந்து பிஸ்கட் கேட்டு, ரிமோட்டைப் பிடுங்கினால் எனக்குப் பாதி பயம் போய்விடும். 99-க்கு இறங்கியும் தோளில் துவண்டு கிடந்தால், அது 100-ஐத் தாண்டாத காய்ச்சலாகவே இருந்தாலும், நான் பெட்டியைப் பிரிக்கச் சொல்வேன். பிறந்து மூன்று மாதம் ஆகாத குழந்தைக்கு மட்டும் இந்தப் பேச்சே கிடையாது. 100.4 தொட்டால் பயணம் ஆஸ்பத்திரிக்குத்தான்.

சளி, இருமல் என்றால் மூச்சை எண்ணுங்கள். குழந்தை தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு வயிறு ஏறி இறங்குவதை முழுசாக ஒரு நிமிடம், கடிகாரம் பார்த்து. ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை 40-ம் அதற்கு மேலும், இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50-ம் அதற்கு மேலும் இருந்தால் அது வேக மூச்சு, நிமோனியாவா என்று பார்க்க வேண்டும். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், ஆச்சிகூட எண்ணலாம். மூக்கு மட்டும் ஒழுகுகிறது, நன்றாகக் குடிக்கிறான், மூச்சு சரியாக இருக்கிறது என்றால் தாராளமாகக் கிளம்புங்கள், அதற்கெல்லாம் டிக்கெட்டை ரத்து செய்தால் ஐந்து வயது வரை நீங்கள் எங்கேயும் போக முடியாது.

கிளம்புவதற்கு முன்னால் வழியையும் யோசியுங்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு விருத்தாசலத்துக்கும் திருச்சிக்கும் நடுவில் குழந்தைக்கு ஏதாவது ஆனால் என்ன செய்வீர்கள்? ரயில்வே உதவி எண் 139-க்கு அழைத்தால் வழியில் பெரிய ஸ்டேஷனில் மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்யச் சொல்லலாம், ஆனால் அந்த ஸ்டேஷன் வரும் வரை குழந்தை உங்கள் மடியில்தான். போய்ச் சேரும் ஊரிலும் கோயில் எங்கே இருக்கிறது, பக்கத்து ஆஸ்பத்திரி எத்தனை கிலோமீட்டர், அங்கே குழந்தை டாக்டர் உண்டா? திருநெல்வேலி டவுனுக்குப் போவது வேறு, அங்கிருந்து இன்னும் ஒரு மணி நேரம் உள்ளே போய்க் காட்டுக்கோயிலில் பொங்கல் வைப்பது வேறு.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், நானே இந்தத் தப்பைச் செய்தவள். மகளுக்கு ஒன்றரை வயதில் காய்ச்சல், நான் டாக்டர்தானே என்ற தைரியத்தில் தங்கை கல்யாணத்துக்கு ராத்திரி பஸ்ஸில் கூட்டிப் போனேன். நடுவழியில் கண் மேலே சொருகி, கை கால் வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்துவிட்டது. பஸ்ஸே எழுந்துவிட்டது, ஒருவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறார், இன்னொருவர் வாயில் ஸ்பூன் வைக்கச் சொல்கிறார். காய்ச்சல் வலிப்பு ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் வருவது, பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் தானாக நிற்கும், மூளையைப் பாதிக்காது என்று நூறு தாய்மாருக்குச் சொன்னவள்தான் நான். அன்று அதில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் வைக்க விடாமல் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான் கை செய்தது. ரெண்டு நிமிடம்தான் இருக்கும். தங்கை கழுத்தில் தாலி ஏறியபோது நான் ஒரு ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே நாள் குறிக்கும்போதே ஒரு மாற்று நாளையும் பேசி வையுங்கள். டிக்கெட்டைப் பொறுத்தவரை, சீக்கிரம் ரத்து செய்தால் கொஞ்சம் கழித்துக்கொண்டு மிச்சம் தருவார்கள், சார்ட் போட்ட பிறகு உறுதியான டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் ஒன்றும் வராது. அதனால் கடைசி நிமிடம் வரை "பார்ப்போம், பார்ப்போம்" என்று இழுக்காதீர்கள். கிளம்பும் நாள் காலையில் ஒரு முடிவு, யார் கேட்டாலும் அதே முடிவு. "ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர், நைட்டு ஊருக்குப் போகணும்" என்றும் வந்து நிற்காதீர்கள். வைரஸ் காய்ச்சலை ஒரு நாள் முன்னதாக முடித்து வைக்கும் ஊசி எந்த டாக்டரிடமும் இல்லை.

மருந்துப் பையில் ஒரு எச்சரிக்கை. பாராசிட்டமால் சிரப்பில் 5 மில்லிக்கு 120-125 மில்லிகிராம் என்றும் இருக்கிறது, 250 என்றும் இருக்கிறது. சொட்டு மருந்திலோ ஒரு மில்லியிலேயே 100. ஊர்க் கடையில் அவசரத்துக்கு வேறு பாட்டில் வாங்கிப் பழைய அளவையே ஊற்றிவிட்டால் அளவு எங்கேயோ போய்விடும். வீட்டில் கொடுக்கும் அதே பாட்டிலை எடுத்துப் போங்கள், டாக்டர் எழுதிய சீட்டோடு.

உங்கள் அண்ணன் அடுத்த லீவில் வருவார். மடி எங்கே போகப்போகிறது?

கேள்வி: எட்டு மாத மகளுக்கு வயிற்றுப்போக்கு. அன்றே வேலை விஷயமாக மூன்று நாள் மும்பை போக வேண்டியிருந்தது, போனேன். குழந்தை இப்போது நலம், ஆனால் மனைவி சரியாகப் பேசுவதில்லை. நான் என்ன தப்பு செய்தேன்?
– வாசகர், ஓசூர்

பதில்: வீட்டில் அவரோடு வேறு யார் இருந்தார்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. எழுத மறந்தீர்களா, இல்லை யாருமே இல்லையா?

எட்டு மாதக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் ராத்திரி முழுக்க ஒருவர் கரண்டி கரண்டியாக ஓஆர்எஸ் கொடுக்க வேண்டும். பாக்கெட் முழுவதையும் அதில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் (பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டர்) கலக்க வேண்டும், தம்ளருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போடக் கூடாது. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. ஆறு மாதம் தாண்டிய குழந்தை என்பதால் துத்தநாக மாத்திரை தினம் 20 மில்லிகிராம், போக்கு நின்றாலும் 14 நாள். இவ்வளவையும் செய்துகொண்டே குழந்தை கண் உள்ளே போகிறதா, ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லையா, குடித்ததெல்லாம் வெளியே வருகிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி ஆனால் நடு ராத்திரியில் 108-க்கு அழைத்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு கதவைப் பூட்ட வேண்டும். இரண்டு பேர் வேலை இது. மாமியாரோ அம்மாவோ பக்கத்து வீட்டு அக்காவோ வந்து படுத்துக்கொண்டிருந்தால் நீங்கள் போனதில் தப்பில்லை, வேலையும் வேண்டும்தானே. யாரும் இல்லாமல் விட்டுப் போயிருந்தால் அவர் பேசாமல் இருப்பது எனக்குப் புரிகிறது. போய் மன்னிப்புக் கேளுங்கள், மும்பையிலிருந்து வாங்கி வந்த புடவையை அப்புறம் கொடுங்கள்.

கேள்வி: பேத்திக்குச் சின்னம்மை போட்டிருக்கிறது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை வீட்டைவிட்டு வெளியே கூட்டிப் போகக் கூடாது என்கிறேன். மருமகள் இதை மூடநம்பிக்கை என்கிறாள்.
– வாசகி, விருதுநகர்

பதில்: இந்த விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. கடைசிக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை பிறருக்கு ஒட்டும், அதுவரை பஸ், ரயில், விமானம், விசேஷ வீடு எதுவும் வேண்டாம், கர்ப்பிணிகள் இருக்கும் வீடு அறவே வேண்டாம். ஆனால் அதுவரை குளிக்கவே கூடாது, டாக்டரிடம் போகவே கூடாது என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் மேலுக்கு ஊற்றி, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். நகத்தை வெட்டிவிடுங்கள். மருமகளிடம் அடுத்த முறை சண்டை போடும்போது என் பெயரைத் தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்.