கை சும்மா இருந்தால்

அன்புள்ள ஐயா,

நர்ஸிங் கல்லூரியில் ட்யூட்டராக இருக்கிறேன். வார்டில் முதல் மரணத்தைப் பார்த்ததும் பிள்ளைகள் உடைந்துபோகிறார்கள். மனவுறுதி இல்லாத இருவர் படிப்பையே விட்டுவிட்டார்கள். தலையில் மாட்டிப் பார்க்கும் 360 டிகிரி வீடியோ கருவிகள் நான்கு வாங்கியிருக்கிறோம். அதில் முன்பே பார்த்துப் பழகினால் மனவுறுதி வருமா? ஒரு தடவைக்கு எத்தனை நிமிடம் காட்டலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நிமிடக் கணக்கை விற்றவரிடம் கேளுங்கள். பக்கத்தில் ஒரு வாளியும் இருக்கட்டும், சிலருக்குத் தலைசுற்றி வாந்தி வரும்.

அப்பாவின் திதி முடிந்து உட்கார்ந்திருந்தபோது உங்கள் கடிதம் வந்தது. அவர் போனது ஓர் அரசு மருத்துவமனை வார்டில், விடியற்காலையில். பயிற்சிக்கு வந்த பெண்ணுக்குப் பத்தொன்பது வயதிருக்கும். சுவரோடு ஒட்டி நின்றாள், கை நடுங்கியது. மூத்த சிஸ்டர் அவளை ஏறிட்டுப் பார்க்காமலே, "பஞ்சு எடு, வெந்நீர் கொண்டா" என்றார். இருவருமாக மூக்குக் குழாயை உருவி, முகம் துடைத்து, தாடையைத் துணியால் தூக்கிக் கட்டினார்கள். கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டும்போது அந்தப் பெண், "தாத்தா, காலைக் கொஞ்சம் நகட்டிக்கிறேன்" என்றாள். செத்த மனிதரிடம். முடிச்சு ஒழுங்காக விழுந்தது.

என் சண்டை இங்கேதான். உங்கள் வீடியோவில் தலையைத் திருப்பினால் கூரை தெரியும், பக்கத்துக் கட்டில் தெரியும், அழுகிற மனைவி தெரிவார். கையை நீட்டினால் ஒன்றுமில்லை. கேமராவை வைத்த இடத்தில் நட்ட கம்பமாக நிற்க வேண்டும். எல்லாம் தெரிகிறது, எதுவும் செய்ய முடியவில்லை: ஒரு நர்ஸுக்கு இதைவிடக் கொடுமை உண்டா? அதையா பழக்கப்போகிறீர்கள்?

வேண்டாம் என்று சொல்லவில்லை. நடுவில் நிறுத்தலாம், திரும்பப் பார்க்கலாம், எந்த நோயாளிக்கும் ஆபத்தில்லை. முதல் திகைப்பு கொஞ்சம் குறையவும் கூடும். ஆனால் கருவியைக் கழற்றியதும் வட்டமாக உட்கார வைத்து "உனக்கு என்ன பண்ணுச்சு?" என்று கேட்க ஆள் உண்டா? டீப்ரீஃபிங் என்று உங்களுக்கே பாடத்தில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நான்கு கருவி வாங்கிய நிர்வாகம் அதற்கு ஒரு பீரியட் ஒதுக்கியதா? கடிதத்தில் ஒரு வரி இல்லை.

'மனவுறுதி இல்லாத இருவர்' என்ற இடத்தில் எனக்குக் கோபமே வந்தது. வகுப்பில் கற்ற நர்ஸிங் ஒன்று, வார்டில் நடப்பது வேறொன்று, அந்த இடைவெளிதான் புதியவர்களை விரட்டுகிறது என்று மார்லின் கிரேமர் என்ற அமெரிக்க நர்ஸ் 1974இலேயே எழுதிவிட்டார். 'ரியாலிட்டி ஷாக்' என்று பெயரும் வைத்தார். இரவு ஷிஃப்டில் ஒரே ஆள் முப்பது கட்டிலுக்கு ஓடுவதைப் பார்த்த பிள்ளை வீட்டுக்குப் போனால் குறை பிள்ளையிடமா?

ஏன் போனார்கள் என்று அந்த இருவரையும் கேட்டீர்களா? போன் நம்பர் கல்லூரியில் இருக்குமே.