எழுதிக் கொடுத்த பிறகும் உரிமை உண்டு: மூத்தோர் பராமரிப்பு பற்றிய கேள்வி-பதில்

ஆறு மா நஞ்சையையும் வீட்டையும் 2019-ல் மகனுக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தேன். இப்போது கொல்லைக் கொட்டகையில் கிடக்கிறேன். சாப்பாடு எப்போது வரும் என்பது மருமகள் மனசைப் பொறுத்தது. பத்திரத்தை ரத்து செய்ய முடியுமா? (71 வயது அம்மா, மன்னார்குடி அருகே)

முடியும் அம்மா. ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகாதீர்கள். பலரும் முதலில் அங்கேதான் போய், நீங்கள் மட்டும் கையெழுத்துப் போட்டால் ரத்தாகாது என்று கேட்டுவிட்டு, இனி வழியில்லை என்று திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் போக வேண்டியது மன்னார்குடி வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) அலுவலகம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007-ன்படி, ஆர்.டி.ஓ. தலைமையில் இயங்குவதுதான் பராமரிப்புத் தீர்ப்பாயம். அந்தச் சட்டத்தின் 23-வது பிரிவு உங்களுக்கானது: பார்த்துக்கொள்வார் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் அடிப்படைத் தேவைகளைக்கூடச் செய்யவில்லை என்றால், அந்தப் பத்திரம் ஏமாற்றி வாங்கியதாகக் கருதப்படும். நீங்கள் கேட்டால் அதைச் செல்லாது என்று அறிவிக்கலாம்.

சிக்கல் வருவது 'நிபந்தனையோடு' என்ற சொல்லில்தான். 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அப்படி ஒரு நிபந்தனை இருந்ததைக் காட்டியாக வேண்டும் என்றது. அதே நீதிமன்றம் 2025 ஜனவரியில், இது முதியோர் நலனுக்கான சட்டம், தாராளமாகத்தான் பொருள் கொள்ள வேண்டும் என்றது. 2025-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போன வழக்கு நம் நாகப்பட்டினத்திலிருந்து போனது. அன்பினாலும் பாசத்தினாலும் எழுதிக் கொடுத்தால், கடைசிவரை பார்த்துக்கொள்வார் என்ற எதிர்பார்ப்பு அதற்குள்ளேயே மறைமுக நிபந்தனையாக இருக்கிறது என்று சொன்ன தீர்ப்பு அது. எனவே உங்கள் பத்திரத்தின் முதல் இரண்டு பக்கங்களை யாரையாவது படிக்கச் சொல்லிக் கேளுங்கள். 'அன்பு, பாசம் காரணமாக' என்ற வரி பெரும்பாலும் இருக்கும். அந்த வரியை மனுவில் அப்படியே எடுத்து எழுதுங்கள்.

மனுவோடு வைக்க வேண்டியவை: பத்திரத்தின் சான்றிட்ட நகல், வில்லங்கச் சான்று, ஆதார், மருந்துச் சீட்டுகள், கொட்டகையின் புகைப்படம், அக்கம்பக்கத்தில் ஒருவர் எழுதிக் கொடுத்த வாக்குமூலம். 'கவனிக்கவில்லை' என்று மொட்டையாக எழுதினால் எடுபடாது. எந்த மாதத்திலிருந்து கொட்டகையில், எந்த மருந்து எப்போது நின்றது என்று தேதியோடு எழுதுங்கள். கோரிக்கையில் நான்கையும் சேர்த்துக் கேளுங்கள்: பத்திர ரத்து, வீட்டை என் வசம் ஒப்படைத்தல், மாதாந்திரப் பராமரிப்புத் தொகை, வழக்கு முடியும்வரை இடைக்காலத் தொகை. ரத்தை மட்டும் கேட்டு ஜெயித்து, வீட்டுக்குள் நுழைய மறுபடி மனு போட்டவர்கள் உண்டு. உத்தரவு வந்ததும் நகலைச் சார்பதிவாளரிடம் பதிவு செய்து, பட்டாவை வட்டாட்சியர் அலுவலகத்தில் மாற்ற வேண்டும்.

தாமதிக்காதீர்கள். விவரம் தெரியாத ஒருவர் பணம் கொடுத்து நிலத்தை வாங்கிவிட்டால் அவரிடம் உங்கள் உரிமையைச் செலுத்துவது கடினம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: இனிமேல்தான் எழுதப் போகிறீர்கள் என்றால் உயிலாக எழுதுங்கள். உயிரோடு இருக்கும்வரை மாற்றலாம். செட்டில்மெண்ட்தான் என்றால் ஆயுள்கால அனுபோக உரிமையையும், உணவு, மருத்துவம், இருப்பிடம் தரத் தவறினால் ரத்தாகும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 'எல்லாம் நம்ம புள்ளைதானே' என்று பத்திர எழுத்தர் விட்டுவிடப் பார்ப்பார், நீங்கள் விடாதீர்கள்.

மூத்தவன் சிங்கப்பூர், இளையவன் திருப்பூர், மகள் சீர்காழியில். ஆளுக்கு ஆள் கைகாட்டுகிறார்கள். யார் மீது மனு போடுவது? (76 வயது, மயிலாடுதுறை)

யார் மீதும் போடலாம், மூவர் மீதும் போடலாம். ஒருவர் மீது மட்டும் போட்டால் அவர் மற்றவர்களைச் சேர்க்கச் சொல்லிக் கேட்க முடியும். அதில் காலம் போகும். முதலிலேயே மூவரையும் சேர்ப்பது நல்லது. கட்டிக்கொடுத்த மகளுக்கும் மகன்களுக்கு உள்ள அதே பொறுப்பு உண்டு. வயது வந்த பேரன் பேத்திக்கும் உண்டு. மருமகனும் மருமகளும் இந்தச் சட்டத்தின் 'பிள்ளைகள்' பட்டியலில் இல்லை.

நீங்கள் வசிக்கும் இடத்திலேயே மனு கொடுக்கலாம். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் மனு காவல் நிலையம், ஊராட்சி என்று சுற்றிவிட்டு வரும். மயிலாடுதுறை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நேரே கொடுத்து ரசீது வாங்குங்கள். வக்கீல் வைக்க இரு தரப்புக்கும் இடமில்லை. மாவட்ட சமூக நல அலுவலர்தான் பராமரிப்பு அலுவலர், விரும்பினால் உங்கள் சார்பில் அவர் பேசுவார். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து 90 நாளில் முடிக்க வேண்டும், விசேஷக் காரணம் இருந்தால் இன்னொரு 30 நாள். சிங்கப்பூர் மகனுக்கு அழைப்பாணை மத்திய அரசு அறிவித்த அதிகாரி வழியாகப் போவதால் நாளாகும். அதனால் இடைக்காலத் தொகை கேட்பது உங்களுக்கு மிக முக்கியம்.

மாதம் 10,000 ரூபாய்தான் உச்சவரம்பு. உத்தரவு போட்டும் பணம் வரவில்லை என்றால், கொடுக்க வேண்டிய தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் வசூலுக்கு மனு போட்டாக வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். 'அடுத்த மாசம் சேர்த்துத் தர்றேன்' என்ற பேச்சை நம்பிக் காத்திருந்தால் பழைய பாக்கி கைநழுவும். பணத்தை வங்கிக் கணக்கில் மட்டும் வாங்குங்கள். வராத மாதம் பாஸ்புத்தகத்திலேயே தெரியும்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. தம்பி மகன்தான் வாரிசு. அவனிடம் கேட்கலாமா? (திருவாரூர்)

உங்கள் சொத்து இப்போது அவர் வசம் இருந்தாலோ, பின்னால் அவருக்குச் சேரும் என்றாலோ, வசதியும் இருந்தால், கேட்கலாம்.

அப்பாவை மாதக் கட்டணம் கட்டி ஒரு முதியோர் இல்லத்தில் விட்டிருக்கிறோம். ஆதார், பாஸ்புத்தகத்தை அவர்களே வைத்துக்கொண்டார்கள். முதுகில் படுக்கைப்புண். வெளியே அனுப்பு என்றால் முன்பணம் திரும்ப வராது என்கிறார்கள். (கும்பகோணம்)

முதலில் புண். நகர முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஈரத் துணி உடனே மாற வேண்டும். புண் வந்திருக்கிறது என்றால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று நடக்கவில்லை. இன்றே தேதியோடு படம் எடுங்கள், அரசு மருத்துவமனையில் காட்டி ஓ.பி. சீட்டில் புண்ணின் அளவையும் ஆழத்தையும் எழுதச் சொல்லி வாங்குங்கள். இல்லத்தில் புரட்டிவிட்ட நேரம் எழுதும் பதிவேட்டைக் கேளுங்கள். இல்லை என்றால் அதுவே உங்களுக்குச் சாட்சி.

சுயநினைவோடு இருக்கும் பெரியவர் போகிறேன் என்றால் பூட்டி வைக்க எவருக்கும் உரிமையில்லை. கட்டணப் பாக்கி இருந்தாலும்தான். அது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 127-வது பிரிவின் கீழ் சட்டவிரோத அடைத்துவைப்பு. ஆவணங்களை எழுத்து மூலம் திரும்பக் கேளுங்கள், மறுத்தால் காவல் நிலையம். இல்லம் பதிவு பெற்றதா என்பதையும் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்டு, அங்கேயும் புகாரின் நகலைக் கொடுங்கள்.

பணம் வாங்கிக்கொண்டு செய்யும் பராமரிப்பு ஒரு சேவை. குறை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்யலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகளுக்கும் இதே விதிதான். ரசீது இல்லாமல் கையில் பணம் கொடுத்திருந்தால் வழக்கு பலவீனமாகும், இனியாவது கணக்கில் போடுங்கள்.

அம்மா எழுந்து நடக்க முடியாது. கையெழுத்து நடுங்குகிறது. வங்கியில் நேரில் வா என்கிறார்கள். (பட்டுக்கோட்டை)

வரத் தேவையில்லை. ரிசர்வ் வங்கி விதிப்படி கைரேகை போதும், கையும் முடியாவிட்டால் கால்விரல் ரேகை. இரண்டு சாட்சி வேண்டும், அதில் ஒருவர் பொறுப்பான வங்கி அலுவலர். 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வீட்டு வாசலில் அடிப்படை வங்கிச் சேவையும் உண்டு. கிளை மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள், வாய்மொழி மறுப்புக்குப் பதிவு இருக்காது. ஓய்வூதியத்துக்கான ஆயுள் சான்றைக் கைப்பேசியில் முகம் காட்டியே அனுப்பலாம். ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைக்கும் இயன்முறைப் பயிற்சிக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் வீட்டுக்கே வருவார், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

பேருந்து நிலையத்தில் ஒரு பாட்டி மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறார். மகன் விட்டுவிட்டுப் போனதாகச் சொல்கிறார். நான் உறவுக்காரன் இல்லை. என்ன செய்யலாம்? (தஞ்சாவூர்)

14567-க்கு அழையுங்கள். காலை 8 முதல் இரவு 8 வரை இயங்கும் முதியோர் உதவி எண், கட்டணமில்லை. இரவானால் காவல் நிலையம். அடியோடு கைவிடும் நோக்கத்தில் பெற்றவரை விட்டுச் செல்வது, முதலில் சொன்ன 2007 பராமரிப்புச் சட்டத்தின் 24-வது பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும் குற்றம். போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம். பாட்டியால் முடியாத நிலையில், அவர் ஒப்புதலோடு நீங்களே பராமரிப்புத் தீர்ப்பாயத்தில் மனுவும் கொடுக்கலாம், உறவு தேவையில்லை. அதற்கு முன் தண்ணீர் கொடுத்து, ஊர்ப் பெயரையும் மகன் பெயரையும் பொறுமையாகக் கேட்டு எழுதி வையுங்கள். மறுநாள் அவருக்கு அது நினைவில்லாமல் போகலாம்.