தான்சானியா வகுப்பில் மணி பார்க்கும் பாடம்

காலை 8 மணியைப் பிள்ளைகள் 'இரண்டு' என்று எழுதுவது தப்பே இல்லை, தயவுசெய்து தப்புப் போட்டுவிடாதீர்கள். அங்கே பேசும் சுவாஹிலி மொழியில் மணியை விடியலிலிருந்து எண்ணுவார்கள், நம் பழைய நாழிகைக் கணக்கு மாதிரி. காலை 7 அவர்களுக்கு 1. நண்பகல் 12 என்பது 6. இரவு 7 மறுபடியும் 1. நிமிடம் மட்டும் மாறாது.

சுவாஹிலி மணிக்கு மாற்ற ஆறைக் கூட்டச் சொல்லாதீர்கள், ஏழிலிருந்தே 13, 14 என்று போய்க் குழம்புவார்கள். அட்டையில் கடிகாரம் வெட்டி, சின்ன முள்ளை மையத்தைத் தாண்டிப் பின்பக்கமும் நீட்டி வையுங்கள். ஒரு நுனி 8-ல் நின்றால் மறுநுனி 2-ல் நிற்கும். முன்நுனி ஆங்கில மணி, பின்நுனி சுவாஹிலி மணி. இரண்டுக்கும் வேறு வேறு நிறம். பெரிய முள்ளுக்கு வால் வேண்டாம், நிமிடத்தையும் எதிரே படித்துவிடுவார்கள்.

பெற்றோரிடம் நேரம் பேசும்போதும் எந்தக் கணக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.