கழுத்துப்பட்டைக்கு அடியில்

"வணக்கம் ஐயா. இந்தியாவின் குனோ தேசியப் பூங்காவில் விட்ட சிறுத்தைகள் வரிசையாகச் செத்தன என்று படித்தேன். நம் மலாயாப் புலியும் 150க்குக் கீழே போய்விட்டது. கூண்டில் பெருக்கி பேராக் மாநிலத்துப் பெலும் காட்டில் விட்டால் பிழைக்குமா? அங்குள்ள ஓராங் அஸ்லி பழங்குடி மக்களைக் கொஞ்சம் தள்ளிக் குடிவைத்தால் போதாதா?" – பட்டர்வொர்த் வாசகர்

அன்புள்ள தம்பி,

அது சிறுத்தை இல்லை, சிவிங்கிப்புலி (சீட்டா). சிறுத்தை குனோவில் முன்பே உண்டு. சிவிங்கிக்குப் போட்ட அடைப்புக்குள் புகுந்துகொண்ட சிறுத்தைகளை வெளியேற்றவே பெரும்பாடாயிற்று. பெயரை விடுங்கள். "செத்தன" என்று ஒரு சொல்லில் கடந்துவிட்டீர்களே, எப்படிச் செத்தன என்று பார்த்தீர்களா?

2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து 8, 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து 12. இரண்டு நாடும் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே. ஜூன் பிறந்தால் அங்கே குளிர். விமானம் ஏறி வந்தாலும் உடம்பு பழைய கணக்கையே வைத்திருந்தது. மத்தியப் பிரதேசத்தில் மழை கொட்டும் மாதத்தில் அவற்றுக்குக் குளிர்கால மயிர் அடர்ந்தது. இருக்குமிடம் அறியக் கழுத்தில் மாட்டிய ரேடியோ பட்டைக்கு அடியில் அந்த மயிர் நனைந்தால் காயாது. தோல் ஊறும், அரிக்கும், சொறியும், கீறலில் ஈ முட்டையிடும். ஒரே நாளில் புழு. கழுத்துப் புண்ணை நாக்கு எட்டி நக்க முடியாது. தூரத்திலிருந்து கவனிப்பவருக்குப் பட்டைதான் தெரியும், புண் தெரியாது. கிருமி இரத்தத்தில் ஏறி 2023 மழையில் சில உயிர்கள் போனது இப்படித்தான். பட்டையைத் தளர்த்தலாமே என்பீர்கள். முன்னங்காலோ கீழ்த்தாடையோ மாட்டிக்கொள்ளும். கடைசியில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, பட்டையைக் கழற்றி, புண்ணைக் கழுவினார்கள். ஒட்டுண்ணி மருந்தை மழைக்கு முன்பே கொடுத்திருக்க வேண்டும்.

இப்போது உங்கள் "கொஞ்சம் தள்ளி". குனோவில் 24 ஊர்களைக் காலி செய்தார்கள். பெரும்பாலும் சஹாரியா பழங்குடிகள். குஜராத்தின் கிர் சிங்கத்துக்காக என்று சொல்லித்தான் எழுப்பினார்கள். 2013இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டும் சிங்கம் வரவில்லை. அவர்கள் விட்டுப்போன வயல்கள்தான் இன்றைய புல்வெளி. பட்டர்வொர்த்திலும் கோலாலம்பூரிலும் உட்கார்ந்துகொண்டு "கொஞ்சம்" என்று எழுத நமக்குக் கை எப்படி வருகிறது?

பெலும் புலியைக் கொன்றது அங்குள்ள ஓராங் அஸ்லி இனமான ஜஹாய் மக்களின் குடிசையா? இல்லை, வேட்டைக்காரர் வைத்த கம்பிக் கண்ணி. அந்தக் கண்ணியைத் தேடி அறுக்கும் ரோந்துக் குழுக்களில் காடு முழுக்க நடப்பவர்களே ஜஹாய் மக்கள்தான். அவர்களைத் தள்ளிவிட்டு யாரை அனுப்புவீர்கள்?

புலிமேல் உள்ள பாசத்தில்தான் எழுதினீர்கள் என்று தெரியும், தம்பி. அடுத்த கடிதத்தில் கூண்டுப் புலியைப் பற்றிக் கேட்காதீர்கள். இந்த ஆண்டு எத்தனை கண்ணி எடுத்தார்கள், கடமான் திரும்பி வந்ததா என்று கேளுங்கள்.