அலெக்ஸ் ஃபெர்குசன் ஆட்டக்காரராக எப்படிப்பட்டவர்?

சர் அலெக்ஸ் ஃபெர்குசன் களத்தில் சுமாரான ஆட்டக்காரராக இருந்ததால்தான் பிற்பாடு பெரிய பயிற்சியாளர் ஆனார் என்று பரவலாகச் சொல்கிறார்களே, அது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைப் போலத் தொண்ணூறுகளின் இறுதியில் தொலைக்காட்சி வழியாக இங்கிலாந்து லீக் ஆட்டங்களைப் பார்க்கத் தொடங்கியவர்களுக்கு, சூயிங்கம் மென்றபடி கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி நடுவரை அதட்டும் மனிதராகவே அவர் அறிமுகமானார். அதற்கு முன்னால் பதினாறு ஆண்டுகள் ஸ்காட்லாந்தில் ஸ்டிரைக்கராக ஆடியவர் அவர் என்பது பலருக்குத் தெரியாமலே போனதற்கு அதுவும் ஒரு காரணம். லீக் ஆட்டங்களில் மட்டும் சுமார் 170 கோல்கள் அடித்திருக்கிறார். ஆடிய ஆட்டங்களோ முந்நூற்றுச் சொச்சம். ஸ்காட்லாந்தின் பெரும் நட்சத்திரங்களான டெனிஸ் லா, கென்னி டால்கிலிஷ் ஆகியோரின் வரிசையில் அவரை வைக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் இரண்டு ஆட்டத்துக்கு ஒரு கோல் என்ற கணக்கைத் தாண்டியவரைச் சுமார் என்று சொல்வது அநியாயம். தொழில்முறையில் ஆடாமலே பெரிய பயிற்சியாளர் ஆனவர் யார் என்று கேட்டால் இத்தாலியின் அரிகோ சாக்கியைக் காட்டலாம். ஃபெர்குசன் அந்தக் கணக்கில் வரமாட்டார்.

அவர் 1941 டிசம்பர் 31 அன்று கிளாஸ்கோவில் பிறந்து, கப்பல் கட்டும் தளங்கள் சூழ்ந்த கோவன் பகுதியில் வளர்ந்தவர்; தந்தையும் அத்தகைய தளமொன்றில் வேலை பார்த்தவரே. பதினாறு வயதில், ஆட்டக்காரர்களுக்கு ஊதியமே தராத குவீன்ஸ் பார்க் என்ற பழைய கிளப்பின் முதல் அணியில் இடம்பிடித்து, ஸ்ட்ரான்ரேயருக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே ஒரு கோல் அடித்தார். ஆட்டம் 2-1 என்று கைநழுவிப் போனது வேறு கதை. அதே காலத்தில் ரெமிங்டன் ராண்ட் தொழிற்சாலையில் கருவி செய்யும் தொழிலுக்குப் பயிற்சித் தொழிலாளராகச் சேர்ந்து, தொழிற்சங்கப் பிரதிநிதியாகவும் இருந்து, பயிற்சித் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்றார். பகலில் தொழிற்சாலை, மாலையில் பயிற்சி என்ற இந்த இரட்டை வாழ்க்கை 1964 வரை நீடித்தது.

1960-ல் பெர்த் நகரத்தின் செயின்ட் ஜான்ஸ்டன் அணிக்கு மாறிய பிறகு அவருக்கு முதல் அணியில் நிரந்தர இடம் கிடைக்கவில்லை. ரிசர்வ் அணியில் ஆடியபோது முகத்தில் எலும்பு முறிந்து, ஆட்டத்தையே விட்டுவிட்டுக் கனடாவில் குடியேறிவிடலாமா என்று யோசிக்கும் நிலைக்கு வந்திருந்தார். 1963 டிசம்பரில், இன்னொரு ரிசர்வ் ஆட்டத்துக்குப் போக மனமின்றி, தம்பியின் தோழியை விட்டு மேலாளர் பாபி பிரவுனுக்குத் தொலைபேசச் செய்தார். அந்தப் பெண் ஃபெர்குசனின் தாயாராக நடித்து, மகனுக்குக் காய்ச்சல் என்று சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. பிரவுன் ஏமாறவில்லை, உடனே தொடர்புகொள்ளும்படி வீட்டுக்கே ஒரு தந்தியை அனுப்பிவிட்டார். உண்மையான தாயார் அந்தத் தந்தியைப் பார்த்துவிட்டு மகனை எப்படி வைதிருப்பார் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். மன்னிப்புக் கேட்கத் தொலைபேசிய ஃபெர்குசனிடம், முதல் அணியில் பலருக்கு உடல்நலம் சரியில்லை, மறுநாள் ரேஞ்சர்ஸ் அணிக்கு எதிராக நீ ஆட வேண்டும் என்று பிரவுன் சொல்லிவிட்டார். டிசம்பர் 21 அன்று, தான் சிறுவயது முதல் ஆராதித்த ரேஞ்சர்ஸ் அணியை அதன் சொந்த மைதானமான ஐப்ராக்ஸில் எதிர்கொண்டு, ஃபெர்குசன் மூன்று கோல்கள் அடித்தார். செயின்ட் ஜான்ஸ்டன் 3-2 என்று வென்றது. பொய் பிடிபட்டதால் ஒருவருடைய வாழ்க்கை திசைமாறியது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கால்பந்தில் இருக்குமா என்று தெரியவில்லை.

அடுத்து வந்த டன்ஃபெர்ம்லின் ஆண்டுகள்தான் ஆட்டக்காரர் ஃபெர்குசனின் உச்சம் என்பது என் கணிப்பு; அவரைப் பயிற்சியாளராகச் செதுக்கிய முதல் காயமும் அங்கேதான் பட்டது. முழுநேர ஆட்டக்காரராகச் சேர்ந்த முதல் பருவத்திலேயே அந்தச் சிறிய கிளப், வாகையரான கில்மார்நாக்கைவிட ஒரே ஒரு புள்ளி குறைவாகப் பெற்று லீக் பட்டத்தை இழந்தது. அதே பருவத்தில் ஸ்காட்டிஷ் கோப்பையின் இறுதிக்கும் வந்தது. 1965 ஏப்ரல் 24, ஹாம்டன் பார்க் மைதானம், எதிரில் ஜாக் ஸ்டைன் புதிதாகப் பொறுப்பேற்றிருந்த செல்டிக். மேலாளர் வில்லி கன்னிங்ஹாம் ஆட்டத்துக்குச் சற்று முன்பு உடைமாற்றும் அறையில் அணியைப் படித்தார். அதில் ஃபெர்குசனின் பெயர் இல்லை. அதற்கு முந்தைய நாட்களில் ஒரு லீக் ஆட்டத்தில் அவர் வாய்ப்புகளைத் தவறவிட்டிருந்தார் என்றாலும், தன்னை நீக்கப்போவதாக எவரும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை என்பதுதான் அவரைக் கொதிக்க வைத்தது; சக ஆட்டக்காரர்களுக்கு நடுவிலேயே மேலாளரைத் திட்டித் தீர்த்தார். ஸ்காட்லாந்தில் அன்று மாற்று ஆட்டக்காரர் முறையே கிடையாது ஆகையால், அவர் வெறும் பார்வையாளராக உட்கார வேண்டியதாயிற்று. அவருடைய இடத்தில் ஆடிய ஜான் மெக்லாக்லின் ஒரு கோல் அடித்ததால் கன்னிங்ஹாமின் முடிவு பிசகு என்று அறுதியிட்டுச் சொல்லவும் வழியில்லை. ஆனாலும் ஆட்டம் முடியும் தறுவாயில் செல்டிக் அணித்தலைவர் பில்லி மெக்நீல் ஒரு கார்னரைத் தலையால் முட்டி உள்ளே தள்ளினார், 3-2. இந்த மெக்நீல் என்ற பெயரை நினைவில் வையுங்கள்.

மறு பருவத்தில், அதாவது 1965-66-ல், ஃபெர்குசன் 51 ஆட்டங்களில் 45 கோல்கள் அடித்தார். லீக்கில் மட்டும் 31. செல்டிக்கின் ஜோ மெக்பிரைடும் அதே எண்ணிக்கையை எட்டியதால் அதிக கோல்களுக்கான முதலிடத்தை இருவரும் பகிர்ந்துகொண்டனர். அழகான ஆட்டம் என்று எவரும் அதைச் சொன்னதில்லை. பெனால்டி பகுதிக்குள் சிதறிவரும் பந்துக்காகக் காத்திருந்து பாய்வதும், இடத்தைப் பிடிக்க முழங்கைகளைத் தாராளமாக வீசுவதும், தடுப்பாட்டக்காரர்களோடும் நடுவரோடும் ஓயாமல் மல்லுக்கு நிற்பதும் அவருடைய பாணி. 1967 கோடையில் ரேஞ்சர்ஸ் அவரை 65,000 பவுண்டுக்கு வாங்கியது. இரண்டு ஸ்காட்லாந்து கிளப்புகளுக்கு இடையே அதுவரை கைமாறிய தொகைகளில் அதுவே மிகப் பெரியது.

அதே கோடையில், தேசிய அணியின் பொறுப்புக்கு வந்திருந்த பழைய பாபி பிரவுன், ஒரு நீண்ட வெளிநாட்டுச் சுற்றுப்பயணத்துக்கு ஃபெர்குசனைத் தேர்ந்தெடுத்தார். செல்டிக்கும் ரேஞ்சர்ஸும் ஐரோப்பிய இறுதி ஆட்டங்களில் மும்முரமாக இருந்ததால் அவற்றின் ஆட்டக்காரர்கள் அதில் கலந்துகொள்ளவில்லை. அந்த ஆட்டங்களுக்கு முழுச் சர்வதேச அந்தஸ்தும் தரப்படவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக “ஸ்காட்லாந்துக்காக ஒரு முறைகூட ஆடாதவர்” என்றே ஃபெர்குசனைப் பற்றி எழுதிவந்தார்கள். 2021-ல்தான் ஸ்காட்லாந்து கால்பந்துச் சங்கம் அந்தச் சுற்றுப்பயண ஆட்டங்கள் சிலவற்றை மறுஆய்வு செய்து, எண்பதை நெருங்கிக்கொண்டிருந்த அவரைச் சர்வதேச ஆட்டக்காரராகப் பதிவு செய்தது. பழைய கட்டுரைகளைப் படிப்பவர்கள் இதைக் கவனத்தில் கொள்வது நல்லது.

ரேஞ்சர்ஸ் காலம் கனவு கெட்ட கனவாக மாறிய காலம். முதல் பருவத்தில் அணியில் அதிக கோல்கள் அடித்தவர் அவர்தான். ஆனால் அவரை வாங்கிய மேலாளர் ஸ்காட் சைமன் சில மாதங்களிலேயே நீக்கப்பட்டார்; கத்தோலிக்கர்களைச் சேர்க்காத கிளப் என்று அன்று பெயர்பெற்றிருந்த ரேஞ்சர்ஸில், ஃபெர்குசனின் மனைவி கேத்தி கத்தோலிக்கர் என்பதும் சிலர் கண்ணை உறுத்தியது. 1969-ல் ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியில் மீண்டும் செல்டிக். ஃபெர்குசன் ஆட ஏதுவாக இருந்தது, ரேஞ்சர்ஸின் முதன்மை ஸ்டிரைக்கர் காலின் ஸ்டைனுக்கு விதிக்கப்பட்ட தடை. செல்டிக் கார்னர் எடுக்கும்போது மெக்நீலோடு ஒட்டி நிற்பது ஃபெர்குசனின் வேலை என்று முன்பே ஒப்படைக்கப்பட்டிருந்தது. இரண்டாவது நிமிடத்திலேயே கார்னர் வந்தது, மெக்நீல் தனியாக எழும்பி முட்டினார், கோல். ஆட்டம் 4-0 என்று முடிந்தபோது தோல்வியின் பழி முழுவதும் ஃபெர்குசனின் தலையில் விழுந்தது. பிறகு அவரை முதல் அணிப் பக்கமே விடாமல் இளைஞர்களோடு ஆட வைத்தார்கள். தோற்றவர்களுக்குத் தந்த பதக்கத்தை அவர் வீசியெறிந்துவிட்டதாக அவருடைய தம்பி சொல்லியிருக்கிறார். ஒரு கார்னருக்காக ஒருவரை இப்படி ஒதுக்கியது மிகை என்றே எனக்குப் படுகிறது. மற்ற மூன்று கோல்களுக்கு அவர் பொறுப்பல்லவே.

அங்கிருந்து அவரைக் கைதூக்கிவிட்டவர் யார் என்று பார்த்தால், 1965-ல் அவரை இறுதி ஆட்டத்திலிருந்து நீக்கிய அதே வில்லி கன்னிங்ஹாம். அப்போது ஃபால்கிர்க் அணியின் மேலாளராக இருந்த அவர் 1969-ன் இறுதியில் ஃபெர்குசனை வாங்கிக்கொண்டார். ஃபால்கிர்க்கில் ஆடிக்கொண்டே பயிற்சியும் அளிக்கும் பொறுப்பு ஃபெர்குசனுக்கு வந்தது. ஆட்டக்காரர் சங்கத்துக்கும் அவர் தலைவராக இருந்தார். பயிற்சியாளர் சான்றிதழுக்கான படிப்பை அவர் அதற்கு வெகு முன்பே லார்க்ஸில் முடித்திருந்தார் என்பதால், ஓய்வுபெற்ற பின் என்ன செய்வது என்று தெரியாமல் இந்தத் தொழிலுக்கு வந்தவர் அல்லர் அவர். கடைசியாக ஏர் யுனைடெட்டில் ஒரு பருவம் ஆடிவிட்டு, 1974-ல் முப்பத்திரண்டு வயதில் பூட்ஸைக் கழற்றினார்.

அதே ஆண்டு கோடையில் ஈஸ்ட் ஸ்டர்லிங்ஷயர் என்ற கடைநிலைக் கிளப், வாரம் 40 பவுண்டு சம்பளத்துக்குப் பகுதிநேர மேலாளராக அவரை அமர்த்தியது. பொறுப்பேற்றபோது அங்கே ஒரு கோல்கீப்பர்கூட இல்லை. நான்கு மாதம் முடிவதற்குள் பெய்ஸ்லி நகரத்தின் செயின்ட் மிர்ரன் அவரை அழைத்தது. காலியான அந்த நாற்காலியும் கன்னிங்ஹாம் விட்டுச் சென்றதுதான். இருபது வயதைச் சுற்றியிருந்த இளைஞர்களைத் திரட்டி, ஒலிபெருக்கி கட்டிய வேனில் ஊரைச் சுற்றி ஆட்டத்துக்குப் பார்வையாளர்களைச் சேர்த்து, 1977-ல் முதல் டிவிஷன் (அன்று ஸ்காட்லாந்தின் இரண்டாம் நிலை லீக்) பட்டத்தை வென்றார். அடுத்த ஆண்டே நிர்வாகத்தோடு முரண்பட்டு வெளியேற்றப்பட்டார். அவரைப் பணிநீக்கம் செய்த ஒரே கிளப் அதுதான்.

1978-ல் அபர்டீன் அவரை எடுத்துக்கொண்டது. அங்கே அவருக்கு முன் மேலாளராக இருந்து செல்டிக்குக்குத் திரும்பியவர் பில்லி மெக்நீல். களத்தில் இரண்டு முறை தன் கனவைத் தலையால் முட்டிக் கலைத்தவரின் இடத்திலிருந்துகொண்டு, கிளாஸ்கோவின் இரண்டு பெரிய கிளப்புகளின் ஆதிக்கத்தையும் ஃபெர்குசன் உடைத்தார்: 1980, 1984, 1985 ஆகிய ஆண்டுகளில் லீக் பட்டம், நான்கு ஸ்காட்டிஷ் கோப்பைகள், அவற்றுக்கெல்லாம் மேலாக 1983 மே 11 அன்று கோத்தன்பர்க் நகரில் கொட்டும் மழையில் ரியல் மாட்ரிட்டை 2-1 என்று வீழ்த்திப் பெற்ற ஐரோப்பியக் கோப்பை வாகையர் கோப்பை. கூடுதல் நேரத்தில் வெற்றிக் கோலைத் தலையால் முட்டியடித்த ஜான் ஹெவிட், மாற்று ஆட்டக்காரராகக் களமிறங்கிய ஸ்டிரைக்கர். பதினாறு ஆண்டுகளுக்குப் பின் பார்சிலோனாவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியில், அவருடைய மான்செஸ்டர் யுனைடெட்டுக்காகப் பயர்ன் மியூனிக்குக்கு எதிராகக் கூடுதல் மணித்துளிகளில் ஷெரிங்கமும் சோல்ஷாரும் அடித்த கோல்களும் மாற்று ஸ்டிரைக்கர்கள் அடித்தவையே. மான்செஸ்டர் யுனைடெட்டில் 1986 முதல் 2013 வரை அவர் பெற்ற பதின்மூன்று லீக் பட்டங்களையும் மற்றவற்றையும் நான் இங்கே விவரிக்கப்போவதில்லை. அவை எங்கும் கிடைக்கும்.

உங்கள் கேள்விக்கு நெருக்கமான ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். ஆட்டக்காரர் ஒருவரை அணியிலிருந்து நீக்கும்போது முன்கூட்டியே தனியாக அழைத்துப் பேசுவதையும், என் முடிவு தவறாகவும் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டே அதை அறிவிப்பதையும் வழக்கமாக வைத்திருந்ததாக ஃபெர்குசன் பின்னாளில் கூறியிருக்கிறார். ஹாம்டன் பார்க்கின் உடைமாற்றும் அறையில் பட்டதன் பாடம் இது என்று நான் கருதுகிறேன். ஆனால் அந்த வலியை அனுபவித்தவர் என்பதற்காக அவர் எவரையும் நீக்கத் தயங்கியதில்லை. 1990-ல் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம் கிரிஸ்டல் பேலஸோடு 3-3 என்று சமனில் முடிந்ததும், ஐந்து நாள் கழித்து நடந்த மறு ஆட்டத்துக்கு, கோத்தன்பர்க்கில் தன்னோடு வென்றவரும் மான்செஸ்டருக்குத் தானே அழைத்துவந்தவருமான கோல்கீப்பர் ஜிம் லெய்ட்டனை உட்கார வைத்துவிட்டு, லெஸ் சீலியை இறக்கினார். யுனைடெட் 1-0 என்று வென்றது. அங்கே அவருக்கு அதுதான் முதல் கோப்பை. 2006 லீக் கோப்பை இறுதியில், அந்தப் பருவத்தில் அணிக்காக அதிக கோல்கள் அடித்துக்கொண்டிருந்த ரூட் வான் நிஸ்டல்ரூயை ஆட்டம் முழுவதும் பெஞ்சிலேயே வைத்திருந்தார். விகான் 4-0 என்று தோற்றது, கோபித்துக்கொண்ட ஸ்டிரைக்கர் அந்தக் கோடையில் ரியல் மாட்ரிட்டுக்குப் போய்விட்டார்.

வான் நிஸ்டல்ரூய் பின்னர் ஃபெர்குசனோடு சமாதானமானார். லெய்ட்டனின் மனக்கசப்போ பல ஆண்டுகளுக்குத் தீரவில்லை. முதல் இறுதியில் அவர் தடுமாறியது உண்மை, முடிவும் ஃபெர்குசனுக்குச் சாதகமாகவே அமைந்தது. அப்படியிருந்தும் லெய்ட்டனின் கோபத்தில் நியாயம் இருந்ததாகவே நான் நினைக்கிறேன், 1965-ல் ஃபெர்குசனின் கோபத்தில் இருந்த அளவுக்கு.