அரைமணி நேரம் அடித்தும் வெண்ணெய் திரளாதது ஏன்?

மதுரை வாசகி ஒருவரின் கேள்வி: "பேக்கரிப் பொருள் விற்கும் கடையில், 'இதில் நல்ல வெண்ணெய் வரும்' என்று சொல்லி ஒரு லிட்டர் விப்பிங் கிரீம் கொடுத்தார்கள். அரைமணி நேரம் மிக்சியில் அடித்தும் நுரை பொங்குகிறதே தவிர, வெண்ணெய் பிரியவில்லை. என் பக்குவத்தில் என்ன தவறு?"

தவறு உங்கள் பக்குவத்தில் இல்லை. நீங்கள் அடித்தது பாலிலிருந்து எடுத்த கிரீமே அல்ல என்றுதான் நினைக்கிறேன். பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். தாவரக் கொழுப்பு என்றோ பாம் கெர்னல் ஆயில் என்றோ இருந்தால், அது கேக்கின்மேல் பூசுவதற்கென்று செய்த பொருள். நுரை கலையாமல் நிற்பதற்கான சேர்மானங்கள் அதில் உண்டு. விடிய விடிய அடித்தாலும் வெண்ணெய் வராது. கடைக்காரரிடம் கேட்டால், அதே பெட்டியில் 'பால் பொருள் உள்ளது' என்றிருக்கும் வரியைக் காட்டக்கூடும். அந்த வரி, பால் ஒவ்வாதவர்களை எச்சரிப்பதற்காக, சோடியம் கேசினேட் என்னும் பால் புரதம் சேர்ந்திருப்பதைச் சொல்வது. பால் கொழுப்புக்கு அது சாட்சி ஆகாது. கிரீம் என்றால் பாலிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும் என்று நம் உணவு விதிகள் சொல்கின்றன. ஆனாலும் கடைகளில் இரண்டையும் ஒரே பெயரைச் சொல்லி விற்கிறார்கள், கேட்பார் இல்லை. 'இது பால் அல்ல' என்று முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சிட வைக்க இன்னும் எத்தனை ஆண்டுகள் வேண்டும்?

அடுத்த முறை, பால் கொழுப்பு 35 சதவீதத்துக்குக் குறையாத கிரீமாகக் கேட்டு வாங்குங்கள். 25 சதவீதக் கிரீம் குருமாவுக்குச் சரி, வெண்ணெய்க்கு வேண்டாம். 40 சதவீதக் கிரீம் ஒரு லிட்டருக்கு அரைக்கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வெண்ணெய் தரும். அதற்கு மேல் வரும் என்று ஆசை காட்டும் கடைக்காரர்களை நம்பாதீர்கள்.

கிரீம் 10 முதல் 14 டிகிரிக் குளிர்ச்சியில் இருக்கும்போதுதான் அதன் கொழுப்பு பாதி இறுகியும் பாதி இளகியும் இருந்து, மோதும்போது ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கிறது. மதுரை வெயிலில் அது எண்ணெயாக இளகிவிடும் என்பதால், ஜாரையும் குளிரவைத்து, மழுங்கிய பிளேடைப் போட்டு, விட்டு விட்டு அடியுங்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ மார்கழி விடியலில் அடிப்பவர்களுக்கு நான் சொன்னது தலைகீழாகப் பொருந்தும்: அங்கே வெளியில் வைத்த கிரீமே அளவுக்கு மீறிக் குளிர்ந்து, கொழுப்பு பெரும்பாலும் இறுகி, எளிதில் ஒட்டாது. அவர்கள் பாத்திரத்தை வெதுவெதுப்பான நீரில், கொதிநீரில் அல்ல, சிறிது நேரம் வைத்துக் கிரீமை 14 டிகிரி வரை கொண்டுவந்த பிறகு அடிக்க வேண்டும். சமவெளியில் இருப்பவர்கள் இதைப் பின்பற்றவே கூடாது.

நல்ல கிரீம் முதலில் கெட்டியாகும், பிறகு மஞ்சளோடி ரவை ரவையாக உடையும். மிக்சியின் ஓசையும் சட்டென்று மாறி, உள்ளே நீர் சளசளக்கும். அந்த நொடியில் நிறுத்தி, மோரை வடித்து, ஐஸ் தண்ணீர் விட்டுப் பிசைந்து, நீர் தெளிந்து வரும்வரை மூன்று நான்கு முறை கழுவுங்கள். மோர் தங்கிய வெண்ணெய், குளிர்சாதனப் பெட்டியில் இருந்தாலும், சில நாட்களிலேயே புளித்துவிடும்.