நாகப்பட்டினக் கடலில் ஒரு ஆழ்கடல் மீன் "முதல் பதிவு" என்றால், அது புது மீனா?

பெரும்பாலும் இல்லை. அறிவியலுக்கு ஏற்கெனவே தெரிந்த மீன், இந்தக் கடற்பகுதியில் இருப்பது முதன்முறையாகச் சான்றோடு உறுதியாகிறது, அவ்வளவுதான். அது இப்போதுதான் இங்கே வந்தது என்றும் அர்த்தமில்லை. 200 மீட்டருக்குக் கீழே தேடியவர்கள் குறைவு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் 'இன்வெஸ்டிகேட்டர்' என்ற ஆய்வுக் கப்பல் வங்கக்கடலில் ஆழ்கடல் மீன்களைச் சேகரித்தது. அதில் பணியாற்றிய இயற்கையியலாளர் ஆல்காக் அவற்றில் பல இனங்களை விவரித்தார். அப்புறம் அதிகம் உதவியது விசைப்படகுகளின் இழுவலைதான். நாகை, காரைக்கால், பழையாறு இறங்குதளங்களில் கழிசல் என்று ஒதுக்கும் குவியலில்கூட அரிய மீன் கிடக்கலாம்.

படம் மட்டும் போதாது. துடுப்பு முள், செதில் எண்ணிக்கை, உடல் அளவுகளைப் பழைய விவரிப்போடு ஒப்பிட வேண்டும். முடிந்தால் மரபணுவையும் பார்ப்பார்கள். மீனை ஃபார்மலினில் பதப்படுத்தி, அருங்காட்சியகத்தில் எண்ணிட்டு வைப்பது மிக முக்கியம். நாளை யாராவது சந்தேகப்பட்டால் எடுத்துப் பார்க்க அது ஒன்றே வழி.

விசித்திரமான மீன் கிடைத்தால் தயவுசெய்து தூக்கி எறியாதீர்கள். ஐஸில் வைத்து, வலை போட்ட இடத்தையும் ஆழத்தையும் ஓட்டுநரிடம் கேட்டு எழுதிக்கொண்டு, பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்துக்குச் சொல்லுங்கள்.